வேகம் கூட்டப் போய் முடங்கிய டேப்லெட்: ரீசெட் அடிக்கும் முன் இதைப் பாருங்கள்

ஜூன் 14-ஆம் தேதியோடு தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போய்வரத் தொடங்கியதுமே, ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் இறால், கணவாய் எடுக்கும் எங்கள் கம்பெனியின் ஆண்ட்ராய்டு டேப்லெட் உயிரை வாங்கிவிட்டது. எடை பதியும் ஆப்பில் பாதி வரி அடித்துவிட்டுக் கால்குலேட்டருக்குப் போய்த் திரும்பினால், அடித்தது எதுவும் இல்லை. வாட்ஸ்அப்பில் விலை பார்த்துவிட்டு வந்தாலும் அதே கதி. 4 ஜிபி ராம் உள்ளது. ஏப்ரல் வரை ஒரு குறையும் இல்லை. வேலையில்லாத நாட்களில் கம்பெனித் தம்பி ஒருவர் வீடியோ பார்த்து ‘ஸ்பீடு செட்டிங்’ மாற்றியிருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

ராமநாதபுரத்தில் ஒரு சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போனோம். ரீஸ்டார்ட் செய்தார்கள், ஒரு ஆப்பைத் திறந்தார்கள். “இப்ப நல்லாத்தானே இருக்கு? ராம் பத்தாது. ரீசெட் அடிக்கணும், இல்லாட்டி புதுசு வாங்கிருங்க” என்றார்கள். ஆப் எழுதுபவர்களுக்கென்று செட்டிங்ஸுக்குள் இருக்கும் ‘டெவலப்பர் ஆப்ஷன்ஸ்’ பக்கத்தை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. பஸ் காசும் ஒரு நாள் வேலையும் போனதுதான் மிச்சம்.

அந்த ரீஸ்டார்ட்டில்தான் சூட்சுமமே இருந்தது. கோளாறு இரண்டு செட்டிங்குகளில். ‘பேக்ரவுண்ட் ப்ராசஸ் லிமிட்’ என்பதில் ‘நோ பேக்ரவுண்ட் ப்ராசஸஸ்’ என்று வைத்தால், பின்னால் தயாராகக் காத்திருக்கும் ஆப்களை ஆண்ட்ராய்டு வைத்துக்கொள்ளாது. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஏற்ற வேண்டும். ராம் மிச்சமாகும், ஆனால் பிராசசருக்கும் பேட்டரிக்கும் வேலை கூடும். இது ரீஸ்டார்ட் செய்தால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ‘டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்’ அப்படி இல்லை, ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் அப்படியே நிற்கும். ஒரு திரையை விட்டு நகர்ந்த உடனே அதை அழித்துவிடும். ஆப் எழுதுபவர்கள் சோதனைக்கு வைத்துக்கொள்ளும் வசதி அது. நடுவில் அடித்ததைச் சேமித்து வைக்கத் தெரிந்த ஆப் தப்பிக்கும். மற்றவற்றில் வரி காணாமல் போகும். ரீஸ்டார்ட் செய்ததும் வேகம் பாதி திரும்பியும் வரிகள் தொலைவது நிற்கவில்லையே, அதற்குக் காரணம் இதுதான்.

இரண்டும் இருப்பது செட்டிங்ஸில், டெவலப்பர் ஆப்ஷன்ஸின் அடிப்பகுதியில், ‘ஆப்ஸ்’ என்ற பிரிவில். முதலாவதை ‘ஸ்டாண்டர்ட் லிமிட்’ ஆக்குங்கள், இரண்டாவதை அணையுங்கள். அதே பக்கத்தில் ‘ஃபோர்ஸ் 4எக்ஸ் எம்எஸ்ஏஏ’, ‘டிசேபிள் ஹெச்டபிள்யூ ஓவர்லேஸ்’ இரண்டும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுமே கிராஃபிக்ஸ் சிப்புக்குத் தண்டச் சுமை. மூன்று அனிமேஷன் ஸ்கேல்களை 0.5-இல் விட்டாலும் கெடுதல் இல்லை. திரை மாறும் அசைவு மட்டும்தான் சுருங்கும், உள்ளே எதுவும் வேகமாகாது. இந்த வீடியோக்கள் அதைத்தான் முதலில் மாற்றச் சொல்கின்றன. கண்ணுக்கு வேகம் தெரிந்ததும் அடுத்தடுத்துச் சொல்வதையும் நம்பிவிடுகிறோம். எல்லாம் முடிந்தபின் மேலே உள்ள பொத்தானால் டெவலப்பர் ஆப்ஷன்ஸையே அணைத்துவிடுங்கள். அதை அணைத்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி, ஒவ்வொன்றாகப் பார்க்காமல் விடாதீர்கள்.

கூடவே போட்டிருந்த ‘ராம் கிளீனர்’ ஆப்பையும் நீக்கினோம். அது ஆப்களை மூட மூட, அவை மறுபடி திறக்க, அந்த வேலையே ஒரு சுமை. பவர் சேவிங் தானாக ஆன் ஆகிறதா என்றும் பாருங்கள். சில டேப்லெட்களில் அது பிராசசர் வேகத்தை 70 சதவீதத்தோடு நிறுத்திவிடும்.

இவ்வளவும் செய்தபின் பதிவு ஆப், கால்குலேட்டர், வாட்ஸ்அப் மூன்றுக்கும் மாறி மாறிப் போய் வந்தோம். அடித்த வரி அடித்த இடத்திலேயே நின்றது.

நம் கரையில் இன்னொரு காரணமும் உண்டு: சூடு. தகரக் கொட்டகையில், தடித்த ரப்பர் உறையோடு, முழு வெளிச்சத்தில், சார்ஜும் ஏறிக்கொண்டிருந்தால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைக்கும். வித்தியாசம் கண்டுபிடிப்பது எளிது. செட்டிங் கோளாறு காலையில் ஆன் செய்ததுமே தெரியும். சூட்டுக் கோளாறு போகப் போகத்தான் வரும், ஆறினால் போய்விடும். உறையைக் கழற்றி, சார்ஜரை எடுத்து, நிழலில் காற்றுப் படும்படி வையுங்கள். பக்கத்தில் ஐஸ் பெட்டி இருக்கிறதே என்று அதன்மேல் மட்டும் வைத்துவிடாதீர்கள். உள்ளே நீர் கோத்துக்கொண்டால் போர்டே போய்விடும்.

ரீசெட் கடைசி வழி. அப்படியே அடித்தாலும், சர்வருக்கு ஏறாத பதிவுகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். கருவிக்குள் மட்டும் இருப்பது திரும்பி வராது. கூகுள் கணக்கின் பாஸ்வேர்டும் கையில் இருக்க வேண்டும். ரிக்கவரி வழியாக, அதாவது செட்டிங்ஸுக்குள் போகாமல் பொத்தான்களை அழுத்தித் திறக்கும் மெனுவில் ரீசெட் செய்தால், ஏற்கெனவே இருந்த கணக்கைக் கேட்காமல் உள்ளே விடாது. பழைய கணக்குப்பிள்ளையின் ஜிமெயிலில் போட்ட டேப்லெட் என்றால், அவரைக் கண்டுபிடித்துவிட்டு ரீசெட்டில் கை வையுங்கள்.