ஒயரை எடுத்துவிடலாம், அலைவரிசைக்கு எங்கே போவது?

ஐ.சி.யூ.வில் யாரையாவது பார்க்கப் போயிருந்தால் தெரியும்: நெஞ்சில் ஈசிஜி ஒயர்கள், விரலில் கிளிப், கையில் பி.பி. பட்டை. நோயாளி பாத்ரூம் போக வேண்டுமென்றால் நர்ஸ் வந்து எல்லாவற்றையும் கழற்ற வேண்டும், வந்ததும் திரும்ப மாட்ட வேண்டும், ஒரு கிளிப் நழுவினாலும் மானிட்டர் கத்த ஆரம்பித்துவிடும். இதற்குப் பதிலாக நெஞ்சில் ஒரு ஸ்டிக்கர் சென்சார், அதிலிருந்து கட்டில் பக்கத்துப் பெட்டிக்கு ரேடியோ, முடிந்தது என்றுதான் தோன்றும். சென்சார்கூடச் செய்துவிடலாம், அது எந்த அலைவரிசையில் பேசும், அங்கே ஏற்கெனவே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் தலைவலி.

1998 பிப்ரவரியில் அமெரிக்காவின் டல்லாஸில் ஒரு டிவி நிலையம் டிஜிட்டல் ஒளிபரப்பைச் சோதித்துப் பார்த்தபோது, பேய்லர் மருத்துவமனையின் ஒயர்லெஸ் இதய மானிட்டர்கள் பல குழம்பிப்போயின. காலியாகக் கிடந்த டிவி சேனலில் அவை ஓடிக்கொண்டிருந்தன, டிவிக்காரர் வந்தால் ஒதுங்க வேண்டியது மருத்துவமனைதான். நல்லவேளை, நோயாளிகள் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அப்புறம்தான், 2000இல், அந்த நாட்டில் அலைவரிசைகளைப் பங்கிடும் அமைப்பான எஃப்.சி.சி., மருத்துவ டெலிமெட்ரிக்கு, அதாவது நோயாளியின் அளவீடுகளை ரேடியோவில் அனுப்புவதற்கு, தனி இடம் கொடுத்தது.

உடம்பிலிருந்து சில அடி தூரம் மட்டும் பேசும் சென்சார்களுக்கு 2012இல் அங்கே 2360 முதல் 2400 மெகாஹெர்ட்ஸ் வரை அனுமதி வந்தது. இதிலும் சிக்கல், 2390 வரை உள்ளது, சோதனை விமானங்களிலிருந்து தரைக்குத் தகவல் வாங்க விமானச் சோதனைக்காரர்கள் பயன்படுத்தும் இடம். மருத்துவக் கருவிகள் செய்யும் ஜிஇ, பிலிப்ஸ் நிறுவனங்கள் இரண்டும் அவர்களோடு பேசித்தான் ஒரு வழிக்கு வந்தன: அந்தக் கீழ்ப்பகுதியில் மருத்துவமனைக் கட்டடத்துக்குள் மட்டும், அதுவும் 1 மில்லிவாட் சக்தியில்தான். மருத்துவமனையிலிருந்து கட்டுப்பாட்டுச் சிக்னல் கிடைக்காவிட்டால் கருவி அந்தப் பகுதியில் வாயைத் திறக்கக் கூடாது. மேலே உள்ள 10 மெகாஹெர்ட்ஸில் எங்கே வேண்டுமானாலும் 20 மில்லிவாட் வரை போகலாம். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

ஆனால் இன்று கிடைக்கும் ஸ்டிக்கர்களில் பல ப்ளூடூத்தில்தான் ஓடுகின்றன, சிப் மலிவு, எங்கும் கிடைக்கும். வைஃபை, பார்க்க வந்தவர்களின் ஹெட்போன் என எல்லாமே நெருக்கியடிக்கும் இடம் அது. போதாக்குறைக்கு நம் உடம்பில் இருக்கும் நீர் இந்த அலைகளை உறிஞ்சிவிடும், நோயாளி குப்புறப் படுத்தாலே சிக்னல் தடுமாறலாம். அதனால் வாங்கும்போது பேட்டரி எத்தனை நாள் வரும் என்பதைவிட, இணைப்பு விட்டுப்போனால் என்ன ஆகும் என்று முதலில் கேளுங்கள். சேமித்து வைத்துப் பிறகு அனுப்பும் என்பார்கள். சரி, அது டாக்டர் மறுநாள் பார்க்க உதவும், ஆனால் இணைப்பு போன அந்த நிமிடமே நர்ஸிடம் ஏதாவது சத்தம் போடுமா?