பிராண்ட் மேனேஜர் வேலையை விட்டு மாவு விற்க வந்தேன்

பதினொரு வருடம் ஷாம்பூவும் சோப்பும் விற்றவன் நான். உக்கடம், பீளமேடு லைனில் ஆர்டர் எடுக்கும் பையனாகத் தொடங்கி, கடைசியில் சென்னையில் பிராண்ட் மேனேஜர். வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் மேலாளர் ஒரு கதை சொன்னார்: 1983-ல் கடலூரில் சி.கே.ரங்கநாதன் 15,000 ரூபாயை வைத்துக்கொண்டு சிக் ஷாம்பூவைத் தொடங்கிய கதை. அது உள்ளுக்குள் கிடந்து அரித்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். 2021-ல் வேலையை விட்டுவிட்டுக் கோவைக்கே வந்துவிட்டேன்.

அண்ணி அப்போது சிங்காநல்லூர் வீட்டில் அக்கம்பக்கத்தாருக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆளுக்குப் பாதி என்று எழுதிக்கொண்டோம். மாவும் கிரைண்டரும் அவர் பொறுப்பு. கடையும் வசூலும் என் பொறுப்பு. பெயர், லோகோ, பாக்கெட் நிறம் என்று நான் மூன்று மாதம் எடுத்துக்கொண்டேன். அவ்வளவு நாள் தேவையே இல்லை.

முதல் மாதம் 40 கடை. போட்டதில் கால்வாசி திரும்பி வந்தது. பாக்கெட்டெல்லாம் தலையணை மாதிரி உப்பி, ஓரம் விட்டு ஒழுகி, ஒரே புளித்த வாடை. அண்ணி உளுந்தை மாற்றிப் பார்த்தார், வெந்தயத்தைக் குறைத்தார், அரைக்கும்போது ஐஸ் தண்ணீர் விட்டார். எங்கள் வீட்டு பிரிட்ஜில் வைத்தது நான்கு நாளும் நன்றாக இருந்தது. கடைக்குப் போனது மட்டும் மறுநாளே கெட்டது.

"என் கைப்பக்குவமே போயிருச்சா தம்பி?" என்று அண்ணி கேட்ட ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

விடியற்காலை ஐந்தரைக்கே ஒரு மளிகைக் கடை வாசலில் போய் நின்றேன். பால் வண்டி வந்தது. கடைக்காரர் ஷட்டரைத் தூக்கினார். உள்ளே போனதும் முதல் வேலையாக பிரிட்ஜ் சுவிட்சைப் போட்டார்.

"ராத்திரி நிறுத்திருவீங்களாண்ணா?"

"ஆமாங்க தம்பி. கரண்ட் பில்லு கட்டி முடியறதில்லீங்க."

அவர்மேல் கோபப்பட மனசே வரவில்லை. ஒரு பாக்கெட்டில் அவருக்கு நிற்பதே ஐந்து ரூபாய்.

பழைய வேலையில், மாதக் கடைசியில் டிஸ்ட்ரிபியூட்டர் குடோனில் சரக்கை இறக்கிவிட்டால் டார்கெட் முடிந்தது. அது அங்கேயே தூங்கினாலும் அடுத்த மாதத்துப் பாடு. மாவு தூங்காது. காலை டெலிவரியை மாலை நான்கு மணிக்கு மாற்றினோம். வேலை முடிந்து வருகிறவர்கள் எட்டரைக்குள் வாங்கிப் போகிற அளவு மட்டும் போட்டோம். பத்து கேட்ட கடைக்கு ஆறு. லோகோவைச் சின்னதாக்கி, அரைத்த நேரத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்தோம். அடுத்த மாதம் திரும்பி வந்தது நூற்றுக்கு நான்கு.

இப்போது 130 கடை, ஆறு பேர் வேலை செய்கிறார்கள். பழைய சம்பளத்தில் பாதிதான் எடுக்கிறேன். போன வெள்ளிக்கிழமை மூன்றாவது கிரைண்டருக்கு முன்பணம் கட்டப் போனோம். விலை பேசுவதற்கு முன்பே அண்ணி குனிந்து கல்லை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

"இதையே எடுத்துக்கலாம் தம்பி" என்றார்.