ஸ்டீராய்டுக்குக் கேட்காதபோது: மகனுக்குச் சிறுநீரக பயாப்ஸி எடுத்த அனுபவம்

சிறுநீரகம் ரத்தத்திலுள்ள புரதத்தைச் சிறுநீரில் விட்டுவிடும் நோய்க்கு நெஃப்ராடிக் சிண்ட்ரோம் என்று பெயர். அது வந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஸ்டீராய்டு மாத்திரையிலேயே சிறுநீரில் புரதம் போவது நின்றுவிடும். எங்கள் மகனுக்கு நிற்கவில்லை. ஆறு வாரம் தினமும் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தும் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் மூன்று பிளஸ் என்ற அதிக அளவிலிருந்து இறங்காததால், பாளையங்கோட்டையில் பார்த்த மருத்துவர் பயாப்ஸி, அதாவது சிறுநீரகத்திலிருந்து ஊசியால் சிறு சதைத்துண்டு எடுத்துச் சோதிப்பது, செய்துவிடலாம் என்றார். இதே கட்டத்தில் நிற்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கல்லிடைக்குறிச்சி. அப்பளத்துக்குப் பேர்போன ஊரில் ஒரு பையனை உப்புக் குறைத்துச் சாப்பிட வைப்பது பெரும்பாடு. அதைவிட முக்கியம் காலைச் சோதனை. எழுந்ததும் பெய்யும் முதல் சிறுநீரைச் சோதனைக் குழாயில் முக்கால்வாசி எடுத்து, மேல்பாகத்தை மட்டும் சுடரில் காட்டிக் கொதிக்க வைப்பேன். கீழே தெளிவாக இருக்கும், மேலே கலங்கும். அப்புறம் நீர்த்த அசெட்டிக் அமிலம் சில சொட்டு. கலங்கல் கரைந்தால் பாஸ்பேட், பயமில்லை. கரையாமல் நின்றால் புரதம். அவனுக்கு வெள்ளைவெள்ளையாகத் திரண்டு நிற்கும். "ஏ அம்மா, இன்னைக்காவது தெளிஞ்சிருக்கா?" என்று பக்கத்திலேயே நின்று கேட்பான். முடிவையும் எடையையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வந்தேன். மருத்துவர் ஒவ்வொரு முறையும் முதலில் கேட்டது அந்த நோட்டைத்தான்.

பயாப்ஸி என்றதும் வீட்டில் எல்லோருக்கும் கலக்கம். "பச்சப்பிள்ள முதுகுல ஊசிய விடுதாங்களாம்மா?" என்று அவனுடைய ஆச்சி அழுதார்கள். நடந்தது இதுதான். ரத்தம் உறையும் நேரம், தட்டணுக்கள், ரத்த அழுத்தம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்தார்கள். வயிற்றுக்கு அடியில் துணிச்சுருள் வைத்துக் குப்புறப் படுக்க வைத்து, மயக்க மருந்து கொடுத்து, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசியைச் செலுத்தினார்கள். கிடைத்தது நூல் துண்டு அளவுக்குச் சதை. அதையும் பிரித்து வெவ்வேறு திரவங்களில் போட்டார்கள், ஏனென்றால் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குப் போகும் துண்டைத் தனியாகப் பதப்படுத்த வேண்டும். அன்று முழுக்க அவன் அசையாமல் படுத்திருக்க வேண்டியிருந்தது. சிறுநீர் சிவப்பாக வருகிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்த்தார்கள். வரவில்லை.

அறிக்கை வந்தபோதுதான் குழம்பிப்போனோம். சாதாரண நுண்ணோக்கியில் எல்லாம் இயல்பு என்று இருந்தது. இயல்பு என்றால் இவ்வளவு புரதம் எப்படிப் போகிறது? மருத்துவர் பொறுமையாக ஒரு தாளில் வரைந்து காட்டினார். அதற்கு அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம் வடிகட்டி முடிச்சுகள். அவற்றின் ரத்தக் குழாய்களைச் சுற்றி பொடோசைட் என்ற செல்கள் கால்களைப் பரப்பிப் படிந்திருக்கின்றன. பக்கத்துப் பக்கத்துச் செல்களின் கால்களுக்கு நடுவே நெஃப்ரின் என்ற புரதம் இரண்டு பக்கமிருந்தும் நீண்டு, கைகோத்தாற்போல இடைவெளியை மறிக்கிறது. 1998-இல் கார்ல் ட்ரிக்வாசன் என்ற ஆய்வாளரின் குழு நெஃப்ரினைக் கண்டுபிடித்தது. நெஃப்ரின் வெறும் தடுப்பு இல்லை என்பதுதான் எனக்குப் புதிதாக இருந்தது. அதன் வால் செல்லுக்குள்ளே இருக்கிறது. ஃபின் என்ற நொதி அந்த வாலில் பாஸ்பேட்டை ஏற்றினால், என்சிகே என்ற இன்னொரு புரதம் வந்து ஒட்டிக்கொண்டு, உள்ளே செல்லின் வடிவத்தைத் தாங்கி நிற்கும் ஆக்டின் இழைகளுக்குச் சேதியைக் கடத்துகிறது. கால்கள் தம் வடிவத்தில் நிற்பதும் தட்டையாவதும் இந்தச் சேதிப் போக்குவரத்தைப் பொறுத்தது. மகனுக்குக் கால்கள் தட்டையாகிப் போயிருந்தன. அது எலக்ட்ரான் நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும். நோயின் பெயர் மினிமல் சேஞ்ச்.

மரபணுச் சோதனைக்கும் ரத்தம் எடுத்தார்கள். நெஃப்ரினை அதனிடத்தில் பிடித்துவைக்கும் பொடோசின் என்ற புரதம் பிறவியிலேயே பழுது என்றால் அடுத்த மருந்துக்கும் பெரும்பாலும் கேட்காதாம். நல்லவேளை, மாற்றம் எதுவும் இல்லை. பிறகு டாக்ரோலிமஸ் தொடங்கினார்கள். இது நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து என்றுதான் நினைத்திருந்தோம். இந்த வகை மருந்துகள் நேராக பொடோசைட்டுக்குள்ளேயே ஆக்டின் இழைகளைக் காப்பாற்றுகின்றன என்று 2008-இலேயே காட்டியிருக்கிறார்களாம். இதே நோயுள்ள குழந்தைகள் பலருடைய ரத்தத்தில் நெஃப்ரினையே தாக்கும் எதிர்ப்பொருள் இருப்பதாக 2024-இல் பெரிய ஆய்வும் வந்திருக்கிறது. அந்த எதிர்ப்பொருளைக் கண்டறியும் சோதனை நம்மூரில் சாதாரணமாகக் கிடைக்கும் காலம் சீக்கிரம் வர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

மாத்திரை மாறி சில வாரங்களில் குழாயில் கலங்கல் மெலிந்து, பிறகு தெளிந்தது. மூன்று நாள் தொடர்ந்து தெளிவாக இருந்தால்தான் நோய் அடங்கியதாகக் கணக்கு. இப்போது அடங்கியிருக்கிறது, மாத்திரை தொடர்கிறது.

டாக்ரோலிமஸ் தொடங்குகிறவர்கள் சிலவற்றைக் கண்டிப்பாகக் கவனியுங்கள். பன்னிரண்டு மணி நேர இடைவெளி தவறக் கூடாது. ரத்தத்தில் மருந்தின் அளவு பார்க்கும் நாளில் ரத்தம் கொடுத்த பிறகுதான் காலை மாத்திரை. பம்பளிமாஸ் பழம் வேண்டாம், மருந்தின் அளவை அது ஏற்றிவிடும். காய்ச்சல், சளி என்றால் மெடிக்கலில் நீங்களாக ஆண்டிபயாட்டிக் வாங்கிக் கொடுக்காதீர்கள், எரித்ரோமைசின் போன்றவையும் அளவை ஏற்றும். தட்டம்மை, சின்னம்மை மாதிரி உயிருள்ள தடுப்பூசி எதையும் சிறுநீரக மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. தடுப்பூசி அட்டையையும் நோட்டோடு சேர்த்தே கொண்டுபோங்கள்.