குட்டைச் சூரியகாந்திக்குத் தை மாசம்தான் சரி

புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் மொட்டை மாடியில் சூரியகாந்தி வைக்கிறவர்கள் ஏமாறுவது விதை வாங்கும்போதே. உரக்கடையில் கிடைப்பது பெரும்பாலும் எண்ணெய் எடுக்கிற ரகம். வயலில் 5, 6 அடி வளரும். அதைச் சின்னத் தொட்டியில் வைத்தால் குட்டையாகாது, நோஞ்சானாகத்தான் வரும். பாக்கெட்டில் ரகத்தின் பெயரும் உயரமும் இருக்கிறதா பாருங்கள். டெடி பேர் 2, 3 அடி, பூ பஞ்சுப் பந்து மாதிரி அடுக்காக இருக்கும். சன்ஸ்பாட் 2 அடிதான், பூ மட்டும் சாப்பாட்டுத் தட்டு அகலம். மியூசிக் பாக்ஸ் கிளைவிட்டுப் பல பூ தரும்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் செடி நிற்கிற மாதிரி விதைக்கவே வேண்டாம். 2011 டிசம்பர் 30இல் ‘தானே’, 2024 நவம்பர் 30இல் ‘ஃபெஞ்சல்’ என்று புயல் கரையேறும் கடற்கரை இது. புயலே வராவிட்டாலும் அடைமழையில் வேர் அழுகிவிடும். பொங்கல் முடிந்த கையோடு விதைத்தால் சுமார் 60 நாளில், பங்குனித் தொடக்கத்தில் பூ. அதை விட்டால் ஆனி.

தொட்டி 12 அங்குல ஆழம், ஒன்றுக்கு ஒரு செடி. அகலம் குறைந்தாலும் சமாளிக்கலாம், ஆழம் குறையக் கூடாது. ஆணிவேர்ச் செடி என்பதால் தட்டில் நாற்று விட்டுப் பிடுங்கி நடுவதும் ஒத்துவராது. செம்மண் 2 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு, நன்றாக அலசிப் பிழிந்த தென்னை நார்க்கழிவு 1 பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. கடற்கரை மணல் மட்டும் வேண்டவே வேண்டாம்.

விரலின் முதல் கணு ஆழத்தில் 2 விதை. அணில் கிளறாமல் இருக்க, அடி வெட்டிய தண்ணீர் பாட்டிலை மூடி இல்லாமல் கவிழ்த்து வையுங்கள். ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். நாலு இலை வந்ததும் சவலையானதைக் கத்தரியால் வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும்.

இதற்குப் பிறகு வரும் 3 வாரம்தான் முக்கியம். நுனிக்குருத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் பூ உருவாவது அப்போதுதான். அந்த நாட்களில் செடி வாடினால், பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பூ சின்னதுதான். அந்த நாட்கள் கழிந்து குருத்தை விரலால் விலக்கிப் பார்த்தால், கூரான பச்சை இதழ்கள் நட்சத்திரம் போல் குவிந்து நடுவில் ஒரு பொத்தான் தெரியும். அதுதான் மொட்டு. சாமந்திக்குக் கிள்ளுகிற பழக்கத்தில் இதையும் கிள்ளிவிடுகிறார்கள். ஒற்றைப் பூ ரகத்தில் இருப்பதே அந்த ஒன்றுதான்!

கடலைப் புண்ணாக்குக் கரைசலை வாராவாரம் ஊற்றினால் இலை கரும்பச்சையாகப் பெருத்து, தண்டு வலுவில்லாமல் சாயும், மொட்டும் தள்ளிப்போகும். 20ஆம் நாள் ஒரு கைப்பிடி மண்புழு உரம், மொட்டு தெரிந்ததும் ஒரு ஸ்பூன் விறகுச் சாம்பல். போதும்.

இலை ஓரம் கருகி, தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தால் போர் தண்ணீரின் உப்பு. அடித்துளை வழியே தாராளமாக வழியும்வரை வாரம் ஒருமுறை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

மாவுப்பூச்சிக்கும் வெள்ளை ஈக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்தபின் அடியுங்கள், விரிந்த பூவில் படவேண்டாம், தேனீ வரும். பூவுக்குள் பச்சைப் புழு இருந்தால் கையால் எடுத்துப் போடுவதே வேலை.

மதியத்துக்கு மேல் கடல்காற்று வீசுமே, அதற்கு ஒரு மூங்கில் குச்சி ஊன்றித் தளர்வாகக் கட்டுங்கள். தொட்டி வைக்கும் இடமும் கவனம். மொட்டாக இருக்கும்வரைதான் சூரியனோடு திரும்பும், விரிந்த பூ கிழக்கு பார்த்தே நின்றுவிடும். நமக்குக் கிழக்கென்றால் கடல். கிழக்குக் கைப்பிடிச் சுவரோரம் வைத்தால் வங்கக்கடலுக்கு முகம், உங்களுக்கு முதுகு. மேற்கு ஓரத்தில் வையுங்கள்.