ஃபோர்ட்டிங்கால்: ஒரு மரமும் அதைச் சுற்றி ஒரு குட்டி ஊரும்

ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயரில், லயன் ஆறு மலைகளை விட்டு வெளியே வரும் இடத்தில் இருக்கிறது ஃபோர்ட்டிங்கால். ஒரு தேவாலயம், ஒரு ஹோட்டல், கொஞ்சம் கூரை வேய்ந்த வீடுகள், அவ்வளவுதான் ஊர். இந்தக் கூரை வீடுகளைப் பழங்காலத்தவை என்று நினைத்துவிட வேண்டாம். கப்பல் கம்பெனி முதலாளியான டொனால்ட் கரி இந்த எஸ்டேட்டை வாங்கி, ஜேம்ஸ் மக்லாரன் என்ற கட்டடக்கலைஞரை வைத்து 1890-ஐ ஒட்டி ஊரையே புதிதாகக் கட்டினார்.

பழமை என்றால் தேவாலயத்து முற்றத்தில் நிற்கும் யூ (yew) என்ற பசுமை மாறாத ஊசியிலை மரம்தான். வயது 2,000 என்பவர்களும் உண்டு, 3,000-க்கு மேல் என்பவர்களும் உண்டு, நடுத்தண்டு உளுத்துப் போய்விட்டதால் வளையங்களை எண்ணிப் பார்க்க வழியில்லை. 1769-ல் அளந்தபோது அடிமரத்தின் சுற்றளவு 50 அடிக்கு மேல் இருந்திருக்கிறது, பிளந்த தண்டின் நடுவே சவ ஊர்வலங்கள் போனதாகக்கூடச் சொல்வார்கள்! இயேசுவைச் சிலுவையில் அறையத் தீர்ப்பளித்த ரோம ஆளுநர் பொந்தியு பிலாத்து இங்கே பிறந்தான் என்றும் ஒரு கதை உண்டு, ஆதாரம் எதுவும் கிடையாது. எனக்கு அதைவிட 2015-ல் நடந்ததுதான் பெரிய அதிசயம்: அதுவரை ஆண் மரமாகவே இருந்ததில் ஒரு கிளை மட்டும் பெண்ணாக மாறிச் சிவப்புப் பழம் விட்டது.

அப்புறம் ஒன்று, அங்கே போகிறவர்கள் தயவுசெய்து ஞாபகார்த்தமாகக் கிளையை ஒடிக்காதீர்கள். இப்படி ஆளாளுக்கு வெட்டி எடுத்துப் போனதால்தான் மரத்தைச் சுற்றிச் சுவரே எழுப்ப வேண்டியதாயிற்று, இன்னும் சிலர் ஏறிக் குதித்து ஒடிக்கிறார்கள், படிக்கும்போதே வயிறு எரிகிறது.