நண்பகலில் வியாழன்

மதியம் 12 மணி. வடக்கே, ஃபியோர்டுக்கு (மலைகளுக்கு நடுவே நுழையும் கடல் நீட்சி) மேலே தாழ்வாக, வியாழன்!

நார்வேயின் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்ட், அங்கே லாங்யியர்பியென் ஊர். 78 பாகை வடக்கு, ஜனவரி 2026. அக்டோபர் கடைசியில் போன சூரியன் பிப்ரவரி நடுவில்தான் திரும்பும். தெற்கு அடிவானத்தில் மட்டும் மெல்லிய கருநீலம்.

தொலைநோக்கியின் திருகு குளிரில் இறுகிவிட்டது. மெல்லிய கையுறையோடு மெதுவாகத் திருப்பினேன். மூச்சு பட்டதும் கண்ணாடியில் உறைபனி. அது விலகக் காத்திருந்து பார்த்தால், இரண்டு பழுப்புப் பட்டைகள், பக்கத்தில் நான்கு நிலவுகள் வரிசையாக.

வானில் வடக்கே தள்ளியிருக்கும் மிதுன விண்மீன்களுக்கு நடுவே இருப்பதால் இந்தக் குளிர்காலத்தில் வியாழன் இங்கே மறைவதே இல்லை. நள்ளிரவில் தெற்கே உயரத்தில், நண்பகலில் வடக்கே.

அது ஒருமுறை சுழல 10 மணி நேரம்கூட ஆகாது. மேகம் மட்டும் விட்டால், முழுக் கோளையும் ஒரே இருட்டில் இரண்டு சுற்று பார்த்துவிடலாம். விடியல் வந்து பாதியில் பிடுங்கிக்கொள்ளாத வானம்!

சரி, சூடாக ஒரு டீ. அப்புறம் மறுபடி வெளியே.