கோடாலி வளர்த்த காடு

லண்டனுக்கு மேற்கே, ஸ்லவ் நகரத்துக்குக் கொஞ்சம் வடக்கில், பர்ன்ஹம் பீச்சஸ் என்று ஒரு காடு இருக்கிறது. பீச் என்றால் இங்கே கடற்கரை இல்லை, மரம். பெரிய காடு என்று சொல்ல முடியாது, சுமார் 220 ஹெக்டேர்தான். நிதானமாக நடந்தால் அரை நாளில் பெரும்பகுதியைப் பார்த்துவிடலாம். போய்வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: மனிதக் கை படாத ஆதிகாலத்துக் காடு, அப்படி ஒரு அமைதி. அமைதி உண்மைதான். கை படாத காடு என்பது மட்டும் சுத்தப் பொய். இந்த மரங்கள் மேல் பட்ட கோடாலி வெட்டுகளுக்குக் கணக்கே கிடையாது. வெட்டுப்பட்டதால்தான் இவை இன்றும் நிற்கின்றன. இதை எனக்குக் காட்டித் தந்தது அறிவிப்புப் பலகை இல்லை, அப்பா.

அப்பா தச்சர். எழுபது வயதைத் தாண்டி, கை நடுங்க ஆரம்பித்த பிறகுதான் உளியைக் கீழே வைத்தார். எங்களோடு சில மாதம் தங்க வந்திருந்தார். லண்டனில் அரண்மனை, பாலம், ராட்டினம் என்று எதைக் காட்டினாலும் "ம்" என்று தலையாட்டிவிட்டு, கதவு நிலையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பார். சரி, மரம் பார்க்கவே கூட்டிப் போய்விடலாம் என்று மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். ஸ்லவ் வரை ரயில், அங்கிருந்து ஃபார்னம் காமன் என்ற ஊருக்கு பஸ். இறங்கி, வீடுகள் நிறைந்த ஒரு தெருவில் கொஞ்ச தூரம் நடந்தால் தெரு முடிகிற இடத்தில் காடு. நுழைவுச் சீட்டு எல்லாம் இல்லை.

உள்ளே போன கொஞ்ச நேரத்திலேயே முதல் கிழட்டு மரம் வந்தது. அடிமரம் இரண்டு பேர் கைகோர்த்தாலும் எட்டாத பருமன், உள்ளே முழுக்கப் பொந்து. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வரைக்கும் ஒரே முண்டும் முடிச்சுமாகப் போய், அங்கே திடீரென்று பத்துப் பதினைந்து கிளைகளாகப் பிரிந்து வானத்துக்கு ஏறுகிறது. ஒவ்வொரு கிளையுமே ஒரு தனி மரம் கனம். நான் போனை எடுத்துப் படம் பிடிக்கப் போனேன். அப்பா சுற்றி வந்து, விரல் முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்:

"இது எதுக்குடா ஆகும்? ஒரு நேர்ப் பலகை தேறாது."

அடுத்த மரத்துக்கும் அதேதான் சொன்னார். அதற்கடுத்த மரத்தில் பேச்சை நிறுத்திவிட்டு, கிளைகள் பிரிகிற அந்த இடத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "எல்லா மரத்தையும் ஒரே உயரத்துல வெட்டியிருக்கான் பாரு" என்றார்.

அங்கேதான் இந்தக் காட்டின் ரகசியம் இருக்கிறது. இந்த வெட்டுக்குப் பெயர் பொல்லார்டிங். இந்த நிலம் பண்ணையாருக்குச் சொந்தமாக இருந்தாலும், சுற்றுவட்டாரக் குடியானவர்களுக்கு இங்கே மாடு மேய்க்கவும் விறகு எடுத்துக்கொள்ளவும் உரிமை இருந்தது. மரத்தை அடியோடு வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து துளிர்விடும், ஆனால் அந்தத் துளிரை மறுநாளே மாடு தின்றுவிடும். அதனால் மாட்டின் வாய்க்கு எட்டாத உயரத்தில், தலையை மட்டும் வெட்டினார்கள். வெட்டிய இடத்திலிருந்து கொத்தாகக் கிளை வரும். பத்துப் பதினைந்து வருடம் வளரவிட்டு மறுபடி விறகுக்கு வெட்டுவார்கள். கீழே புல், மேலே விறகு. ஆட்டுக்குத் தழை கழிக்கும் பூவரசு மரம் எப்படி மொட்டைத் தலையோடு நிற்குமோ, அதே கதைதான். அதை ஒரே மரத்தில் தலைமுறை தலைமுறையாகச் செய்தால் என்ன உருவம் வருமோ, அதுதான் இங்கே நிற்பது.

பீச் மரத்தின் வழக்கமான ஆயுள் இருநூறு, முன்னூறு வருடம். இங்கே நானூறு வருடத்தைத் தாண்டியவை நிறைய நிற்கின்றன. தலையை வெட்டிக்கொண்டே இருந்ததால் மரம் கனத்துப் போகவில்லை, காற்றுக்குச் சாயவில்லை, ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் புதிதாக ஆரம்பித்தது. நடுமரம் செத்துப் பொந்தாகிப் போனாலும் பரவாயில்லை, வெளிவட்டம் உயிரோடு இருந்தால் போதும்.

சுமார் இருநூறு வருடத்துக்கு முன் மலிவாக நிலக்கரி வந்தது. விறகு தேவைப்படவில்லை, வெட்டுவது நின்றது. கேட்டால் மரத்துக்கு நல்ல காலம் பிறந்த மாதிரி இருக்கும். உண்மையில் ஆபத்து அப்போதுதான் தொடங்கியது. கிளைகள் கட்டுப்பாடில்லாமல் வளர்ந்து, பொந்தான அடிமரத்தின் தலையில் டன் கணக்கில் பாரம் ஏறிவிட்டது. ஒரு பெரிய காற்று அடித்தால் மரம் நடுவில் பிளந்து இரண்டு பக்கமும் சரிகிறது. அப்படிப் பிளந்த ஒன்றைப் பார்த்தோம், வயிறு கிழிந்த மாதிரி.

சரி, மறுபடி வெட்டிவிடலாமே என்றால் அதுவும் நடக்காது. இருநூறு வருடம் கத்தி படாத கிழ பீச் மரத்தின் கிளைகளை ஒரேயடியாகக் கழித்தால் அது துளிர்க்காமலே செத்துப்போகும். அதனால் இப்போது பல வருடங்களுக்குப் பரப்பி, கொஞ்சம் கொஞ்சமாகப் பாரத்தைக் குறைக்கிறார்கள். இன்னொரு பக்கம் இளம் மரங்களைத் தேர்ந்தெடுத்துப் புதிதாகத் தலைவெட்டி வளர்க்கிறார்கள். அவற்றில் பொந்து விழுவதைப் பார்க்க இப்போது வெட்டுகிறவர்களில் ஒருவரும் இருக்கப்போவதில்லை. இதைச் சொன்னபோது அப்பாவின் முகத்தில் மரியாதை தெரிந்தது. அவருக்கு அரசாங்கம், நிறுவனம் எதன் மேலும் அது சுலபத்தில் வராது.

பீச் மரத்தை நின்ற நிலையில் அவர் பார்த்ததில்லை, ஆனால் வெட்டிய மரமாகத் தெரியும் என்றார். வெள்ளைக்காரன் காலத்து இழைப்புளிக் கட்டை ஒன்று அவருடைய ஆசானிடம் இருந்ததாம். அது இந்த மரமாகத்தான் இருக்கும், இங்கிலாந்தில் இழைப்புளிக்கும் கொட்டாப்புளிக்கும் பெரும்பாலும் பீச்தான். இங்கிருந்து சில மைல் வடமேற்கில் ஹை விக்கம் என்று ஒரு ஊர். ஒரு காலத்தில் நாற்காலிக்கே பெயர்போன ஊர். அதைச் சுற்றியிருக்கும் சில்டர்ன் மலைக்காடுகளில் பாட்ஜர் என்று அழைக்கப்பட்ட கைவினைஞர்கள் குடிசை போட்டு, பச்சை பீச் மரத்தைப் பிளந்து, காலால் மிதிக்கும் கடைசலில் நாற்காலிக் கால்களைக் கடைந்து ஊருக்கு அனுப்பினார்கள். அந்த மலையில் பீச் மரம் வழுவழுவென்று கம்பம் மாதிரி நேராகப் போகும். நேராகப் போனதெல்லாம் நாற்காலியாகிவிட்டது. "ஒரு நேர்ப் பலகை தேறாது" என்று அப்பா தள்ளுபடி செய்த கோணல்தான் இங்கே இத்தனை நூற்றாண்டு தப்பித்திருக்கிறது.

ஆனால் 1879இல் அதுவும் தப்பாது போலிருந்தது. பண்ணையின் சொத்து விற்பனைக்கு வந்தபோது, உயர்தரமான வீடுகள் கட்ட ஏற்ற இடம் என்றுதான் விளம்பரம் செய்தார்கள். இயற்கை ஆர்வலர் ஃபிரான்சிஸ் ஹீத் என்பவர் குரல் கொடுத்தார். அதற்கு முந்தைய வருடம்தான் லண்டன் நகரத்திலிருந்து 25 மைலுக்குள் பொதுமக்களுக்காகத் திறந்தவெளி நிலம் வாங்க லண்டன் மாநகராட்சிக்கு அதிகாரம் தரும் சட்டம் வந்திருந்தது. 1880இல் மாநகராட்சி இந்தக் காட்டை வாங்கியது. இன்றும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. காட்டை ஒட்டியிருக்கும் வீடுகளின் வாசலில் நிற்கும் கார்களைப் பார்த்தால், அன்றைக்கு விளம்பரம் எழுதியவருக்கு நிலத்தின் மதிப்பு சரியாகத்தான் தெரிந்திருக்கிறது.

ட்ரூயிட்ஸ் ஓக் என்று ஒரு ஓக் மரம், 800 வருடத்துக்கு மேல் வயது சொல்கிறார்கள். வேரை மிதித்து மண்ணை இறுக்கிவிடக் கூடாது என்று சுற்றி வேலி. அகலமும் குள்ளமுமாக, யாரையும் கவர வேண்டும் என்ற அக்கறையே இல்லாமல் நிற்கிறது. அப்பா அதைவிட, வழிநெடுக விழுந்து கிடக்கும் கட்டைகளைப் பார்த்துத்தான் மனம் பொறுக்காமல் புலம்பினார். "இத்தனை மரத்தை மழையில மக்க விட்டிருக்கான்!" வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார்கள் அப்பா, மக்கிய மரத்தில் மட்டுமே வாழும் வண்டுகளும் காளான்களும் இங்கே ஏராளம், அவற்றுக்காகவும்தான் இந்தக் காட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு என்றேன். நம்பிய மாதிரி தெரியவில்லை. ஒரு கட்டையின் மேல் உட்கார்ந்து, டிபன் டப்பாவில் கொண்டுபோயிருந்த புளிசாதத்தைச் சாப்பிட்டோம்.

மே மாதத்துக்குப் போனது நல்லதாயிற்று. பீச்சின் இளந்தளிர் ஓரத்தில் பட்டு மாதிரி மெல்லிய முடி இருக்கும், கோடையில் அது உதிர்ந்துவிடும். இலை அவ்வளவு மெல்லிசு என்பதால் வெயில் அதன் வழியாகவே இறங்குகிறது. கீழே நிற்பவர் முகம், சட்டை எல்லாம் பச்சையாகத் தெரியும். இன்னும் சில வாரத்தில் இதே இலை தடித்து, வெளிச்சத்தை அடைத்துவிடும். அதனால்தான் பீச் மரத்தடியில் புதர் மண்டுவதில்லை, போன வருடச் சருகு மட்டும் செம்பழுப்பாகக் கிடக்கும். பார்வை தடையில்லாமல் வெகு தூரம் ஓடுகிறது. காட்டின் அமைதி என்று எல்லோரும் சொல்வதில் பாதி இந்த வெறும் தரைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. காதுக்கு ஒன்றும் அவ்வளவு அமைதி இல்லை. மரங்கொத்தி தட்டுகிறது, நாய் குரைக்கிறது, மேலே விமானம் போகிறது.

காட்டில் இருக்கும் குளங்களில் மாண்டரின் வாத்துகள் நீந்துகின்றன. கிழக்கு ஆசியப் பறவை, யாரோ வளர்த்ததிலிருந்து தப்பி வந்த பரம்பரை, மரப்பொந்தில்தான் கூடு கட்டும். அதற்கு இங்கே என்ன குறை? குடியேறியவர்களில் சாம்பல் அணிலுக்கு மட்டும் நல்ல பெயர் இல்லை. அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட அது இளம் பீச் மரத்தின் பட்டையை உரித்துத் தின்றுவிடுகிறது. அப்புறம் மாடுகள். பழைய மேய்ச்சலைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள், ஆனால் வேலி கிடையாது. மாட்டின் கழுத்தில் ஒரு கருவி, எல்லையை நெருங்கினால் சத்தம் போடும், மாடு திரும்பிவிடும். அன்றைக்கு முழுக்க அப்பாவால் கொஞ்சமும் நம்ப முடியாத விஷயம் இதுதான்.

இரண்டாம் உலகப் போரின்போது இந்த மரங்களுக்கடியில் ராணுவ வண்டிகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். விமானத்திலிருந்து பார்த்தால் தெரியாதாம். பைன்வுட் ஸ்டூடியோ பக்கத்திலேயே இருப்பதால் இப்போது சினிமாக்காரர்கள் வந்து போகிறார்கள்.

மதியத்துக்கு மேல் ஸ்டோக் போஜஸ் கிராமத்துத் தேவாலயத்துக்குப் போனோம், கிழக்கே சுமார் மூன்று மைல். கவிஞர் தாமஸ் கிரே 1730களில் பர்ன்ஹமில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது இந்த பீச் மரங்களைப் பற்றி நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் நாங்கள் மனப்பாடம் செய்த அவருடைய இரங்கற்பா இந்தத் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தோடு சேர்த்தே பேசப்படுவது. பக்கத்து வயலில் அவருக்கு ஒரு பெரிய நினைவுச்சின்னம் இருக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை. கல்லறை அப்படியில்லை. அம்மாவின் கல்லறையிலேயே அவரையும் புதைத்திருக்கிறார்கள். மேல் கல்லில் அம்மாவைப் பற்றி அவரே எழுதிய வாசகம்: பல பிள்ளைகளைப் பெற்ற அன்பான தாய், அவர்களில் ஒருவனுக்கு மட்டும் அவளுக்குப் பிறகும் உயிரோடிருக்கும் துரதிர்ஷ்டம். அந்த ஒருவனின் பெயர் கல்லில் இல்லை. எதிரே தேவாலயச் சுவரில் பதித்த பலகைதான் சொல்கிறது.

அப்பாவுக்கு வாசகத்தைத் தமிழில் சொன்னேன். "பாவம்" என்றார். அப்புறம் ஆளைக் காணோம். தேடினால் தேவாலய வாசலில், பல நூறு வருடப் பழைய மர முகப்புக்கடியில் கழுத்தை வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பொருத்துகளை விரலால் தடவி, முனையில் அடித்திருந்த மர முளையைக் காட்டி, "இரும்பு ஆணியே இல்லாம நிறுத்தியிருக்கான், படம் எடு" என்றார். ஒன்று எடுத்தேன். அது போதாதாம். ஒவ்வொரு பொருத்தையும் தனித்தனியாக, பக்கத்திலிருந்து, வெளிச்சம் விழும்படி எடுக்கச் சொன்னார். நாங்கள் பிடிக்க வேண்டிய பஸ் போய்விட்டது. அடுத்ததும் போனது.